அவன் வேண்டாம், ஈரம் வேண்டவே வேண்டாம்

சென்ற இதழில், சுடாமல் செய்யும் சாக்லேட் மிக்சர் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். சீரியலும் கடலையும் உப்பு பிஸ்கட்டும் சேர்த்து, உருக்கிய சாக்லேட்டில் புரட்டி, பொடித்த சர்க்கரை தூவுவது. அவ்வளவுதான் சொன்னேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

எங்கள் வீட்டில் அவன் இல்லை. நீங்கள் சொன்ன மிக்சரை அளவோடு சொல்ல முடியுமா? பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேண்டும்.

முதல் வரியைப் படித்துவிட்டு, குடும்ப ஆலோசனைப் பகுதிக்குப் போக வேண்டிய கடிதம் தப்பி என்னிடம் வந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். அடுத்த வரியில்தான் அடுப்பு என்று புரிந்தது. கவலை வேண்டாம், இதற்கு அந்த அவனும் தேவையில்லை.

240 மில்லி கப்பால் அளந்துகொள்ளுங்கள். சீரியல் 6 கப். கட்டம் கட்டமாக, வலை போல இருக்கும் அரிசி சீரியல் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சாக்லேட் அந்த ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்ன்ஃப்ளேக்ஸிலும் செய்யலாம், ஆனால் கிளறும்போது பாதி நொறுங்கும். சின்ன உப்பு பிஸ்கட் அல்லது பிரெட்சல் 2 கப். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 1 கப். சாக்லேட் 250 கிராம், பீநட் பட்டர் அரை கப், பொடித்த சர்க்கரை ஒன்றேகால் கப். பிஸ்கட்டில் உப்புக் குறைவாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு. அதை விட்டுவிடாதீர்கள், உப்பு இல்லாவிட்டால் மூன்றாவது வாயிலேயே திகட்டிவிடும்.

சாக்லேட்டை உடைத்து, பீநட் பட்டரோடு சேர்த்து உருக்குங்கள். சீரியல், பிஸ்கட், கடலை மூன்றையும் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் போட்டு, உருகியதை ஊற்றி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். கிண்டக் கூடாது, புரட்ட வேண்டும். இதற்கு அகலமான ரப்பர் கரண்டிதான் சரி.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். சூட்டோடு சர்க்கரையைக் கொட்டினால் சாக்லேட் அதை உறிஞ்சிக்கொண்டு சாம்பல் நிறச் சேறாகிவிடும். ரொம்ப ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாமல் டப்பாவின் அடியில் தங்கிவிடும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், சுடக் கூடாது. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் அந்தப் பக்குவம் வந்துவிடும். அப்போது மூடி போட்ட பெரிய டப்பாவில் பாதியைப் போட்டு, பாதிச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்குங்கள். அப்புறம் மீதி. பட்டர் பேப்பரில் பரப்பி ஒரு மணி நேரம் விட்டால் வேலை முடிந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் குலுக்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். மூடியை மட்டும் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சாக்லேட் உருகி வரும்போதே திடீரென்று மண் மாதிரி கட்டி தட்டிவிட்டது. கலப்படச் சாக்லேட்டா?

சாக்லேட்டைச் சந்தேகப்படாதீர்கள், கரண்டியைச் சந்தேகப்படுங்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. கழுவிய மரக் கரண்டியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பாத்திரத்தில் விட்டேன். மரம் உள்ளே ஈரத்தை வைத்திருந்தது. அரை கிலோ சாக்லேட் கண் முன்னால் களிமண்ணாகிப் போனது. கூடத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளுக்கு அன்றைக்கு வெறும் பிஸ்கட்தான். என் அண்ணி இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் "கரண்டி காய்ந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்.

காரணம் எளிது. சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோவும் நுண்துகள்களாகக் கொழுப்பில் மிதக்கின்றன. இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் கொஞ்சமாக இருந்தால்தான் இந்த வம்பு. வெந்நீரை ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே போனால் மறுபடி இளகிவிடும். ஆனால் அது சாஸ்; பாலில் கலந்து குடிக்கலாம், ஐஸ்க்ரீம் மேல் ஊற்றலாம். மிக்சருக்கு ஆகாது, எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும்.

என் குறிப்பில் வெண்ணெய் இல்லாததும் இதனால்தான். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. பலர் சேர்க்கிறார்கள், நன்றாகவும் வருகிறது. எனக்குத்தான் அந்த அரை கிலோ மறக்கவில்லை.

உருக்கும்போது, கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணத்தை வைக்கிறீர்கள் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வையுங்கள். ஆவி மேலே எழும்பிக் கிண்ணத்துக்குள் சொட்டாது. மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில் முப்பது முப்பது விநாடியாக. சாக்லேட் உருகிய பிறகும் பழைய வடிவத்திலேயே நிற்கும், கிளறினால்தான் தெரியும். வெள்ளைச் சாக்லேட்டில் பால் இருப்பதால் சீக்கிரம் கருகும். 45 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

முதல் நாள் கரகரவென்று இருந்தது. மறுநாள் நமுத்துப் போய்விட்டது. காற்றுப் புகாத டப்பாவில்தான் வைத்தேன். ஒரு பிடி உலர்திராட்சையும் சேர்த்திருந்தேன்.

கடைசி வரியில் குற்றவாளியின் பெயரையே எழுதிவிட்டீர்களே!

உலர்திராட்சை பெயருக்குத்தான் உலர்ந்தது. அதன் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர். சீரியலில் இருப்பது இரண்டு மூன்று சதவீதம். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால், ஈரம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். டப்பா எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அந்த ஈரத்துக்கு! வெளியே போக வழியில்லாமல் முழுக்கச் சீரியலுக்குள் போய்விடும். மறுநாள் திராட்சை கல்லாகவும் சீரியல் துணியாகவும் இருந்திருக்குமே?

திராட்சை, அத்திப்பழம், பேரீச்சை, மார்ஷ்மெல்லோ எல்லாம் ஒரே ஜாதி. வேண்டுமென்றால் தனிக் கிண்ணத்தில் வைத்துப் பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சீரியலைச் சாக்லேட்டில் முழுதாக மூடிவிடுங்கள். கொழுப்பு ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடாது. அதனால்தான் மேலே பத்துப் பன்னிரண்டு பேருக்கு 250 கிராம் சாக்லேட் சொன்னேன். சிக்கனம் பார்த்து 150 போட்டால் மூடாத இடங்கள் வழியாக ஈரம் ஏறும். பழத்தின் புளிப்பு வேண்டும் ஆனால் நமுக்கக் கூடாது என்றால், உறைநிலையில் உலர்த்திய ஸ்ட்ராபெரி கிடைக்கிறது. கடித்தால் பொரி மாதிரி நொறுங்கும். அதில் ஈரம் மிகக் குறைவு.

சாக்லேட்டுக்குப் பதில் தேன் ஊற்றலாமா? உடம்புக்கு நல்லதாயிற்றே.

ஊற்றலாம், ஆனால் அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும். தேனில் ஏறக்குறைய 17, 18 சதவீதம் தண்ணீர். போதாததற்கு அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சாக்லேட் பிடிக்காதவர்களுக்கு என் யோசனை சர்க்கரைப் பாகு: கொஞ்சம் நெய் சேர்த்து, குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் கண்ணாடி மாதிரி முறியும் வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இருந்தால் 150 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் தண்ணீர் அநேகமாக எல்லாம் போயிருக்கும். கையில் பட்டால் தோல் உரிந்துவிடும், பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கமே விடாதீர்கள்.

நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்தவரை, இது இனிப்பு. தேன் ஊற்றினாலும் இனிப்புதான். சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தேன். மேலெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பொடித்த சர்க்கரை தூவாத மிக்சராக இருந்தால்தானே வெள்ளையே கண்ணுக்குத் தெரியும்! அது பூஞ்சை இல்லை. குளிர்ந்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து மறுபடி படிகமாகியிருக்கும். தடவினால் நறநறக்கும். வழவழவென்று வெள்ளைக் கோடாக இருந்தால் கொக்கோ வெண்ணெய் மேலே வந்திருக்கிறது. இரண்டுமே தின்னலாம். ஃப்ரிட்ஜ் தேவைப்படும் அளவுக்குச் சூடான அறை என்றால், எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வரும் வரை பொறுங்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் கொண்டுபோகப் போகிறேன். கடலை ஒவ்வாதவர் ஒருவர் இருக்கிறார். அவர் பங்கில் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. பொறுக்கினாலும் அதன் துகளும் எண்ணெயும் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும், பீநட் பட்டரும் கடலையேதான். கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. ஒன்று, மொத்தத்தையும் கடலை இல்லாமல் செய்யுங்கள்: சூரியகாந்தி விதை, பூசணி விதை, பீநட் பட்டருக்குப் பதில் சூரியகாந்தி விதை விழுது. சாக்லேட், சீரியல், பிஸ்கட், விதை எல்லா உறைகளிலும் உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு, அவரிடமும் காட்டுங்கள். அல்லது, அவருக்கு வேறு ஏதாவது, அவர் வழக்கமாக வாங்கும் பொட்டலத்தை அப்படியே பிரிக்காமல் கொடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் நிம்மதி.

டப்பா மேல் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். பெரிய எழுத்தில். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், புரையேறித் தொண்டையில் அடைக்கும்.

எங்கள் நாயும் ஏக்கமாகப் பார்க்கிறது. ஒரு பிடி போடலாமா?

கூடவே கூடாது. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். ஆங்கிலத்தில் இந்த மிக்சருக்கு 'பப்பி சௌ', அதாவது நாய்க்குட்டித் தீனி என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. பார்க்க அப்படி இருக்கும் என்பதால் வைத்த பேர். அதை நம்பிவிடாதீர்கள்.

என் கணவர், "அடுப்பே பற்றவைக்காமல் செய்வதெல்லாம் சமையலா?" என்கிறார்.

அவரிடம் அந்தப் பெரிய பாத்திரத்தைக் கழுவக் கொடுங்கள். முதலில் வெந்நீரில் ஊறப்போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.