குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டுதா? கண்ணாடிய மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

ராயக்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: அக்காவுக்கு 29 வயசு, தக்காளி பறிக்க குனிஞ்சு நிமிந்தா ரெண்டு கண்ணும் சில செகண்ட் இருட்டிட்டு திரும்ப வருது, ராத்திரி படுத்தா காதுக்குள்ள நாடித்துடிப்போட சேந்து உஸ் உஸ்னு சத்தம், கண்ணாடி கடையில 6/6 நல்லாருக்குன்னுட்டாங்க, லோ பிபின்னு குளுக்கோஸும் ஏத்தியாச்சு, வேற என்னவா இருக்கும்?

தம்பி, லோ பிபியிலயும் எந்திரிச்சா கண்ணு இருட்டும்தான். ஆனா காதுல அந்த சத்தமும் சேந்து வருதுன்னா நான் மொதல்ல சந்தேகப்படுறது மூளைய சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தத்த. அந்த தண்ணி பார்வை நரம்போட உறைக்குள்ளயும் கண்ணு பின்னாடி வரைக்கும் இருக்கு, அழுத்தம் ஏறுனா நரம்போட முனை வீங்கிரும், அப்புறம் குனிஞ்சாலும் நிமிந்தாலும் கரண்ட் போயி வந்த மாதிரி ஆகும். சிலருக்கு தூரத்துல வர்ற பஸ் பக்கம் பக்கமா ரெண்டா தெரியும்.

6/6ன்னு நிம்மதியா இருந்துராதீங்க. போர்டு எழுத்து நடுப்பார்வைய மட்டும்தான் சோதிக்கும், இதுல பார்வை பெரும்பாலும் ஓரத்துல இருந்துதான் தேயும், ஆளுக்கே தெரியாது. சொட்டு மருந்து விட்டு கண் நரம்ப பாக்கணும், ஓரப்பார்வைய சோதிக்கற ஃபீல்டு டெஸ்ட்டும் வேணும், இந்த வாரமே. கூட ஒரு ஆள் போங்க, மருந்து விட்டா கொஞ்ச நேரம் மங்கலா இருக்கும், வண்டி ஓட்ட முடியாது.

வீக்கம் இருந்தா எம்ஆர்ஐ ஸ்கேனோட மூளை ரத்தக்குழாய பாக்கற எம்ஆர்வி ஸ்கேனும் கேளுங்க, கட்டியோ ரத்தக்குழாய் அடைப்போ இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் முதுகுல ஊசி போட்டு அழுத்தம் அளப்பாங்க, பெரியவங்களுக்கு அது 25 செமீ தண்ணி உயரத்த தாண்டுனா அதிகம். அந்த ஊசி போட்டா காலத்துக்கும் இடுப்பு போயிரும்னு ஊர்ல சொல்றத நம்பி தள்ளிப்போடாதீங்க, கொஞ்ச நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான் பெரும்பாலும்.

சமீபத்துல வெயிட் ஏறுச்சா, பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுறாங்களா, கர்ப்பத்தடை மாத்திரை உண்டா, இதுவும் அழுத்தம் ஏற காரணமா இருக்கலாம், எல்லா மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டு போங்க. கட்டி, அடைப்பு இல்லாம அழுத்தம் மட்டும் ஏறியிருந்து வெயிட்டும் கூடுதலா இருந்தா, வெயிட் குறைக்கறதுதான் பெரிய வைத்தியம், கூட அழுத்தத்த குறைக்க அசிட்டசோலமைடு மாத்திரை, அத சாப்பிட்டா கை கால் மதமதன்னு இருக்கும், சோடா குடிச்சா சப்புனு இருக்கும், பயந்து நிறுத்திராதீங்க. பார்வை வேகமா மங்குனாலோ, விடாம வாந்தி, ஃபிட்ஸ், கை கால் இழுத்தாலோ அன்னிக்கே கிருஷ்ணகிரி இல்லன்னா தர்மபுரி மெடிக்கல் காலேஜ் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிருங்க. அக்காவுக்கு கிட்னி கல்லு, சல்ஃபா அலர்ஜி இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ டாக்டர்கிட்ட மாத்திரை எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.