பிளாக் எழுதி வீட்டிலிருந்தே சம்பாதிக்க முடியுமா? திருப்பூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: பி.காம் முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சில வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். டேலி கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டன் எல்லாம் தெரியும். குழந்தை பிறந்தபின் வேலைக்குப் போக முடியவில்லை. பிளாக் ஆரம்பித்தால் மாதம் ஐம்பதாயிரம் வரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சமையல் பிளாக் தொடங்கலாமா? காசு வர எவ்வளவு நாளாகும்?

பதில்: சம்பாதிக்கலாம் சகோதரி, ஆனால் சமையல் வேண்டாம், கணக்கை எழுதுங்கள். விளம்பரக் காசை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு "இந்த வேலையை நீங்களே செய்து தருவீர்களா?" என்று ஆள் கூப்பிட வேண்டும், அதுதான் உங்களுக்கு வருமானம்.

விளம்பரம் ஏன் வேண்டாம் என்கிறேன்? பிளாக்கில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்த் தளங்களை ஏற்கிறது, அதில் தடை இல்லை. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அந்த 100 டாலருக்கு 2 லட்சம் பார்வை வேண்டும். சாம்பார் செய்முறை தேடுகிறவருக்கு யூடியூபே போதும், போதாததற்கு இப்போது தேடல் பக்கத்தின் மேலேயே பதில் வந்துவிடுவதால் பலர் உள்ளேயே வருவதில்லை. புதிதாக வருகிறவர் அங்கே போய் மல்லுக்கட்டுவது வீண் உழைப்பு.

உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்ததற்குத் தேவை எவ்வளவு என்று பாருங்கள். துணி நிட்டிங்கிலிருந்து டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு இடமாக ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு, போய் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி சலான் உண்டு. அப்படி அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். இந்தப் போக்குவரத்தைச் சரக்கு அனுப்பியவர் ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குக் கீழே என்றால் வருடத்துக்கு ஒருமுறை. இதைச் சின்ன யூனிட் வைத்திருக்கிறவருக்குப் புரிகிற மாதிரி, ஒரு கற்பனை சலானை எடுத்து, எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் போடுவது என்று படம் பிடித்து எழுதுங்கள். முதல் போஸ்ட் இதுவாகவே இருக்கட்டும்.

இரண்டாவதாக, வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் நில் ரிட்டன் போட வேண்டும் என்பது. பலர் இதை விட்டுவிட்டு, நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிய பிறகுதான் பதறுகிறார்கள். நில் ரிட்டனை எஸ்எம்எஸ் மூலமே போடலாம் என்பதைச் சொன்னாலே உங்களுக்கு நன்றி சொல்வார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு போஸ்ட் இருந்தால் போதும். தினமும் எழுத வேண்டிய அவசியமே இல்லை, விதி மாறும்போது பழையதைத் திருத்துவதுதான் முக்கியம், தப்பான தேதியை நம்பி ஒருவர் அபராதம் கட்டினால் அப்புறம் உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பழைய கம்பெனியின் பில், பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. மறைத்துப் போடுவதைவிட, டேலியில் ஒரு கற்பனை கம்பெனி திறந்து அதிலிருந்து படம் எடுப்பது நல்லது.

செலவு என்று பெரிதாக இல்லை. கூகுளின் பிளாகர் இலவசம், சொந்த டொமைன் பெயரைப் பிறகு வாங்கி அதிலேயே இணைத்துக்கொள்ளலாம். "என்ன வேலை செய்து தருவேன்" என்று ஒரு தனிப் பக்கம் கட்டாயம் வேண்டும்: டேலி என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது), ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டன்), 3பி (வரி கட்டும் ரிட்டன்) தயாரிப்பு என்று வெளிப்படையாக எழுதி, வீட்டு எண்ணைக் கொடுக்காமல் தனி வாட்ஸ்அப் பிசினஸ் எண் போடுங்கள். ஆடிட்டர் என்று தோன்றும்படி மட்டும் எதையும் எழுதாதீர்கள். பி.காம் படித்தவர் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்களுக்காக ரிட்டன் போட்டுத் தருபவராக, பதிய வழி இருக்கிறது, ஜிஎஸ்டி போர்ட்டலில் பிசிடி-01 என்ற விண்ணப்பப் படிவம், மத்திய அரசின் வரிப் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வும் உண்டு. அதற்கும் தயாராகுங்கள்.

எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் யாரும் வர மாட்டார்கள். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் ஆடிட்டர் ஆபீஸ்களில் வேலை குவிந்து கிடக்கும். அப்போது உங்கள் போஸ்ட் லிங்க்கோடு "என்ட்ரி வேலை இருந்தால் கொடுங்கள்" என்று கேளுங்கள். பழைய சகாக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடலாம், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. கூலியை பில் எண்ணிக்கையை வைத்து மாதத்துக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் என்று முதல் மாதம் இலவசமாகச் செய்தால், அடுத்த மாதம் காசு கேட்கவே வாய் வராது.

வேலை தருகிறேன் என்று சொல்லி உங்களிடமே பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்ரூவல் ஆன ஆட்சென்ஸ் கணக்கு விலைக்கு என்று வருகிறவர்களிடமும் போகாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டீர்கள். தேடலில் தெரியவே சில மாதம் பிடிக்கும், நேரில் கேட்டால் அதற்கு முன்பே ஒன்றிரண்டு வேலை கிடைக்கலாம். ஆறு மாதம் பாருங்கள், எத்தனை பார்வை என்று எண்ணாமல் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்றால் தலைப்பை மாற்றிப் பாருங்கள், ஜாப் ஒர்க்கை விட்டு மளிகைக் கடைக் கணக்கு எழுதலாம். வருகிற காசை வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். உங்களுக்கே ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.