வாசகர் கேள்வி பதில்: கதை எழுதினா ஊர் மாறுமா?

கேள்வி: "இலக்கியம் சமூகத்தை மாத்தும்"னு எல்லா மேடையிலயும் பேசுறாங்க. நிஜமாவே ஒரு புத்தகத்தால ஏதாவது மாறியிருக்கா? பேருக்கு ஒண்ணு சொல்லாம விவரமா சொல்லுங்க.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: விழுப்புரம்னு போட்டிருக்கீங்க, அதனால நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடியிலருந்தே ஆரம்பிக்கிறேன். உங்க திண்டிவனம் பக்கம் இன்னிக்கும் போடுறாங்களே, அதே அவுரிதான். நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி வங்காளத்துல இந்த அவுரிய வச்சு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிங்க பண்ணின அட்டூழியம் கொஞ்சநஞ்சம் இல்ல. நெல்லு போட வச்சிருக்கிற நல்ல நிலத்துல அவுரி போடுன்னுவாங்க, கையில கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்து பேப்பர்ல கைநாட்டு வாங்கிக்குவாங்க, அப்புறம் விதைக்கு இவ்வளவு, ஸ்டாம்ப் பேப்பருக்கு இவ்வளவு, வண்டிக் கூலிக்கு இவ்வளவுன்னு கழிச்சுக்கிட்டே வந்தா கடைசில விளைச்சலக் குடுத்த குடியானவனே கடன்காரனா நிப்பான். அப்பன் செத்தா அந்தக் கடன் மகன் தலையில. முடியாதுன்னு சொன்னா அடி உதை, குடோன்ல போட்டுப் பூட்டுறது.

1860ல தீனபந்து மித்ரான்னு தபால் இலாகாவுல வேலை பாத்தவர் 'நீல் தர்பண்'னு ஒரு நாடகம் எழுதுறாரு. டாக்காவுல அச்சாகுது. சர்க்கார் உத்தியோகம், அதனால அதுல அவர் பேரு இல்ல. நாடகத்துல க்ஷேத்ரமணின்னு ஒரு குடியானவப் பொண்ணு, மாசமா இருக்கா. தோட்டத்துக்கார துரை அவளத் தன் அறைக்குக் கொண்டாரச் சொல்லி கையப் பிடிச்சு இழுக்கிறான். ஊர்ல வசதியான குடும்பத்துப் பிள்ளை நவீன் மாதவும், தோராப்னு ஒரு முஸ்லிம் குடியானவனும் உள்ள பூந்து அவளக் காப்பாத்துறாங்க. ஆனா அந்தப் பொண்ணு பிழைக்கல. நவீனோட அப்பாவப் பொய்க் கேஸ்ல உள்ள தள்ள, அவரு ஜெயில்லயே தூக்குல தொங்கிடறாரு. ஒரு குடும்பமே அழியுது. படிக்கிறப்போ மனசு ஆறாது.

அடுத்து நடந்ததுதான் பெரிய கதை. ஜேம்ஸ் லாங்ன்னு ஒரு அயர்லாந்துப் பாதிரியார் இத இங்கிலீஷ்ல வெளியிடறாரு. தோட்ட முதலாளிங்க அவதூறு கேஸ் போட, 1861ல அவருக்கு 1000 ரூபா அபராதம், ஒரு மாசம் ஜெயில். அபராதத்த காளிபிரசன்ன சிங்கான்னு ஒரு வங்காளி எழுத்தாளர் கோர்ட்டுலயே கட்டிட்டாரு. ஜெயில லாங்தான் அனுபவிச்சாரு. தானே எழுதாத ஒரு புத்தகத்துக்காக ஒரு பாதிரியார் ஜெயிலுக்குப் போனாருங்கிறத நினைச்சாலே எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை வருது.

1872 டிசம்பர் 7ஆம் தேதி கல்கத்தாவுல நேஷனல் தியேட்டர் டிக்கெட் போட்டு நாடகம் நடத்த ஆரம்பிச்சப்போ மொத நாடகமே இதுதான். 1875ல லக்னோவுல போட்டாங்க, தோராப் துரைய அடிக்கிற காட்சியில பாத்துட்டிருந்த வெள்ளைக்காரங்க மேடைக்கே பாய்ஞ்சுட்டாங்க, நாடகம் பாதில நின்னுபோச்சு. அடுத்த வருஷமே நாடகங்களத் தடை பண்றதுக்குன்னு தனிச் சட்டம் வந்துருச்சு. இந்த ஒரு நாடகத்தால மட்டும் வரல, ஆனா இந்த மாதிரி நாடகங்க மேல இருந்த பயத்தாலதான் வந்துச்சு. சுதந்திரம் வந்து பல வருஷம் வரைக்கும் அந்தச் சட்டம் நம்ம தலைமேல இருந்துச்சு.

இதெல்லாம் சரி, ஆனா வரிசையக் கொஞ்சம் கவனிங்க. நாடியா ஜில்லா குடியானவங்க அவுரி போட மாட்டோம்னு எழுந்து நின்னது 1859லயே. சர்க்கார் விசாரணைக் கமிஷன் வச்சது 1860 ஆரம்பத்துல. நாடகம் அதுக்கெல்லாம் அப்புறம்தான் அச்சாச்சு. அதாவது படிப்பு வாசன இல்லாத ஜனங்க முதல்ல அடி வாங்கிக்கிட்டு எழுந்து நின்னாங்க, எழுதத் தெரிஞ்சவரு பின்னாடி வந்தாரு. அந்த மரியாதைய அந்தக் குடியானவங்ககிட்டருந்து பிடுங்கி எழுத்தாளருக்குக் குடுக்க எனக்கு மனசு வராது.

அப்ப நாடகம் என்னதான் செஞ்சுச்சுன்னா, கல்கத்தாவுல சம்பளம் வாங்கிட்டு சொகமா இருந்த படிச்ச ஜனங்களுக்கு கிராமத்துல என்ன நடக்குதுன்னு கண்ணு முன்னாடி காட்டுச்சு. கமிஷன் ரிப்போர்ட்ட எத்தன பேர் படிச்சிருப்பாங்க? க்ஷேத்ரமணி அலறுனத ஊரே கேட்டுச்சு. ஆனாலும் அவுரிக் கொடுமை அத்தோட முடியல. பீகார்ல சம்பாரண் பக்கம் இருபது பங்கு நிலத்துல மூணு பங்கு கட்டாயம் அவுரிங்கிற முறை தொடர்ந்துக்கிட்டே இருந்து, ராஜ்குமார் சுக்லாங்கிற விவசாயி காந்திய விடாம துரத்தித் துரத்திக் கூட்டிட்டுப் போயி, 1917ல போராட்டம் நடந்து, 1918ல சட்டம் வந்துதான் ஒழிஞ்சுச்சு. நாடகம் வந்து 58 வருஷம். ஒரு புத்தகம் மாத்திருச்சுன்னு யாராவது மேடையில சொன்னா, கூட யாரெல்லாம் நின்னாங்கன்னு கேளுங்க.

கேள்வி: கலை கலைக்காகவா, மக்களுக்காகவா? சுருக்கமா சொல்லுங்க.
(வாசகர், கரூர்)

பதில்: நல்லா எழுதாதது மக்கள்கிட்ட போய்ச் சேரவே சேராது. லக்னோவுல கூட்டம் கொதிச்சது கருத்துக்காக இல்ல, அந்தக் காட்சியும் நடிப்பும் அப்படி. கருத்து மட்டும் போதும்னு நினைக்கிறவங்க நோட்டீஸ் எழுதலாம், அதுவும் தேவைதான்.

கேள்வி: கஷ்டம் அனுபவிச்சவங்கதான் அதப் பத்தி எழுதணுமா? வெளியருந்து எழுதுறது தப்பா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேம்மா. பாரதி ஃபிஜிக்குப் போனதே இல்ல. ஆனா அங்க கரும்புத் தோட்டத்துல நம்ம பொண்ணுங்க பட்ட பாட்டப் பாடின பாட்டு இன்னிக்கும் நெஞ்ச அடைக்குது. காந்தியோட நண்பரான பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1915ல ஃபிஜிக்கே நேர்ல போயி விசாரிச்சு ரிப்போர்ட் எழுதினாரு, இந்தியாவுல பெரிய கிளர்ச்சி நடந்துச்சு, 1920 ஜனவரி 1ல ஒப்பந்தக் கூலி முறைய ரத்து பண்ணினாங்க. அதுலயும் பாருங்க, பாட்டு தனியா இல்ல.

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனும் வெளியாள்தான். உப்பளத்துல வேலை பாக்குறவங்களப் பத்தி எழுதணும்னா தூத்துக்குடிக்கே போயி அவங்களோட பேசி, பாத்துட்டு வந்துதான் 'கரிப்பு மணிகள்' எழுதினாங்க. தெரியாத வாழ்க்கையக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுற அந்தப் பணிவு அவங்ககிட்ட இருந்துச்சு. நாலு செய்தியப் படிச்சுட்டு அடுத்தவங்க துயரத்த எழுதுறவங்ககிட்ட அது இல்ல, அத நான் மன்னிக்க மாட்டேன்.

ஆனா உள்ளருந்து எழுதுறது வேற. 1992ல தலித் கிறிஸ்தவரான பாமா தன் வாழ்க்கைய 'கருக்கு'ன்னு எழுதினப்போ தமிழ்ல அதுவரைக்கும் கேக்காத குரல் கேட்டுச்சு. தலித் கிறிஸ்தவங்க சர்ச்சுக்குள்ளயே என்ன பட்டாங்கன்னு அவங்க பேசுற பேச்சுலயே எழுதினாங்க. முதல்ல சொந்த ஊர்லயே கோவம், நம்ம மானத்த வாங்கிட்டாளேன்னு. கொஞ்ச நாள் ஊருக்குள்ளயே போக முடியல. அப்புறம் அதே ஊரு அவங்களப் புரிஞ்சுக்கிச்சு. வெளியருந்து எழுதுறவங்களுக்கு இந்த வலி கிடையாது. அவங்க எழுதிட்டுத் திரும்பிப் போயிடலாம், பாமாவுக்குத் திரும்பிப் போறதுக்கு இருந்ததே அந்த ஊர்தான்.

கேள்வி: எங்கம்மா பயராபீஸ்க்கு (பட்டாசு ஆலைக்கு) வேலைக்குப் போறாங்க. நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். அம்மாவப் பத்தி எழுதணும்னு ஆசையா இருக்கு, ஆனா எழுதி என்ன ஆகப்போகுதுன்னும் தோணுது.
(மாணவி, சாத்தூர்)

பதில்: எழுதும்மா. மேல விழுப்புரத்துக்காரருக்கு நான் சொன்னதப் படிச்சுட்டு மனசு விட்றாத. உங்க பக்கத்துத் தீப்பெட்டி வேலையில குழந்தைங்க பட்ட பாட்ட ராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக் குஞ்சுகள்'னு நாவலாவே எழுதினாங்க. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, நாவலாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தச் சட்டம் வந்த உடனேயும் எல்லாம் நின்னுடல. ஆனா பஸ்ஸுல விடியங்காட்டி தூங்கி விழுந்துக்கிட்டே போன அந்தப் பிள்ளைங்க எப்படி இருந்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, சர்க்கார் ஃபைல் சொல்லாததச் சொல்ல அந்த மாதிரி எழுத்துதான் இருக்கு.

ஒரு வெடி விபத்து நடந்தா பேப்பர்ல எத்தன பேர் செத்தாங்க, எவ்வளவு நிவாரணம்னு வருது. மறுநாள் வேற செய்தி. உங்கம்மா காலைல எத்தன மணிக்குக் கிளம்புறாங்க, சாப்பாட்டுத் தூக்குல என்ன இருக்கும், வீட்டுக்கு வந்ததும் கையில ஒட்டுன மருந்துப் பொடி எப்படிப் போகும், பீஸ் ரேட்டா நாள் கூலியா, பக்கத்து ஷெட்டுல சத்தம் கேட்ட அன்னிக்கு அவங்க எங்க நின்னாங்க, அடுத்த நாள் வேலைக்குப் போனாங்களா, போனாங்கன்னா என்ன நினைச்சுக்கிட்டுப் போனாங்க, இதெல்லாம் உன்ன விட்டா எழுத யாரும் இல்ல. சோகமாத்தான் எழுதணும்னு இல்ல, அவங்க சேந்து சிரிக்கிறதும் பாட்டுப் பாடுறதும் சண்ட போடுறதும் இருக்கணும்.

ஒண்ணு மட்டும். எழுதி முடிச்சதும் முதல்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. பேரு போட வேண்டாம், இந்த விஷயம் வேண்டாம்னு அவங்க சொன்னா எடுத்துடு, வேலைக்குப் போறது அவங்கதான். அப்புறம் எங்களுக்கு அனுப்பு, டைப் பண்ணணும்னு இல்ல, நோட்டுப் பேப்பர்ல கையெழுத்தா இருந்தாலும் போதும்.