சிப்பிப்பாறை நாய்க்கு விலா எலும்பு தெரிவது பசியாலா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் மானாவாரி நிலத்தில் வெள்ளாடு வளர்க்கிறேன். காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் வாங்கினேன், வயது எட்டு மாதம். மூன்று வேளை சோறு வைத்தும் விலா எலும்பு தெரிகிறது. கோழியைத் துரத்துவதால் பகல் முழுக்கக் கட்டிப் போட்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருந்து, கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், குட்டை மயிர் என்று கண்ணால் இரையைப் பார்த்து விரட்டிப் பிடிக்க அமைந்த உடல்வாகு அது. கொழுக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

ஈறு வெளுத்திருந்தாலோ, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினாலோ குடற்புழு அல்லது உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். காதுமடலின் உள்பக்கத்திலும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள்.

வெறும் சோறு போதாது. காலையும் மாலையும் கம்பு அல்லது கேழ்வரகுக் கூழோடு முட்டை, வேகவைத்த கோழிக்கறி கலந்து வையுங்கள். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழித்துவிடும், போடவே கூடாது. தின்றதும் ஓடவும் விடாதீர்கள். நெஞ்சு ஆழ்ந்த நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அந்தச் சங்கிலிதான். ஓடப் பிறந்த நாயைப் பகல் முழுக்கக் கட்டினால் முரடாகும், அவிழ்த்த நொடியில் கோழி மேல் பாயும். வேலி போட்ட இடத்தில் காலையும் மாலையும் அரை மணி நேரம் அவிழ்த்து ஓட விடுங்கள். அப்புறம் ஆடு மேயும்போது நீளக் கயிற்றில் பிடித்துக் கூடவே நடத்துங்கள். துள்ளும் குட்டியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் முகம் திருப்பும் அந்தக் கணத்தில் ஒரு துண்டு முட்டை கொடுங்கள். அடிக்க வேண்டாம், இந்த இனம் ஒருவரையே எஜமானாக ஏற்று ஒட்டிக்கொள்ளும், அடித்தால் ஒதுங்கிப் போய்விடும். பழகச் சில மாதம் ஆகும். அதுவரை கோழிகளை அடைத்து வையுங்கள்.

காட்டு முயல் பின்னால் ஏவிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடுங்கள். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எப்போதாவது அறுவை சிகிச்சை என்றால், இது கொழுப்பில்லாத வேட்டை இனம் என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இவற்றுக்கு எளிதில் தெளியாது.