கத்தியின் அலகு ஏன் இத்தனை வடிவங்களில் இருக்கிறது? எது எதற்கு?

முதலில் வெட்டும் விளிம்பின் வளைவைப் பாருங்கள், அப்புறம் முனையை. பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சமையல்காரர்களின் பெரிய கத்தியில் விளிம்பு முனையை நோக்கி வளைந்து மேலேறும். முனையைப் பலகையில் ஊன்றி, பிடியை மட்டும் ஏற்றி இறக்கிப் பொடியாக நறுக்கத்தான் அந்த வளைவு. ஜப்பானியரின் சாந்தோக்கு என்ற சமையல் கத்தியில் விளிம்பு ஏறக்குறைய நேராக இருக்கும். அதை ஊஞ்சல்போல ஆட்டாமல் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். ரொட்டிக் கத்தியின் பற்கள் கெட்டியான மேல்தோலைக் கவ்வி அறுக்கும், உள்ளிருக்கும் மென்மையான பகுதி நசுங்காது. தக்காளிக்கும் அதுவே கைகொடுக்கும். எலும்பை ஒட்டிக் கறியைப் பிரிக்க ஒல்லியான அலகு, மீனின் சதையை முள்ளிலிருந்து பிரிக்க வளைந்துகொடுக்கும் மெல்லிய அலகு.

வெளியில் எடுத்துச்செல்லும் கத்திகளில் முனைதான் முக்கியம். முதுகு, அதாவது விளிம்புக்கு எதிர்ப்பக்கம், மெதுவாகச் சரிந்து முனையில் முடிந்தால், முனைக்குப் பின்னால் உலோகம் நிறைய இருக்கும், எளிதில் உடையாது. பொது வேலைக்கு நான் சொல்வது இதைத்தான். முதுகின் முன்பகுதியை வெட்டியெடுத்தாற்போல இருக்கும் போவி வகை நன்றாகக் குத்தும், ஆனால் முனை மெலிந்தது. அதை வைத்து டப்பா மூடியை நெம்பினால் முனை போய்விடும் (ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்).

விளிம்பு நேராகவும் முதுகு முனையில் வளைந்து இறங்கியும் இருந்தால், கூர்முனையே இருக்காது. ஆடும் படகில் கயிறு அறுப்பவருக்கு அதுதான் சரி, தவறியும் குத்தாது.