மூன்றாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் வணக்கம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் அர்ஜென்டினா ரசிகர்கள். ஸ்பானிஷில் வணக்கம் சொல்லக் கற்றுத்தரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் போர்டில் எழுதிப்போட்டால் போதுமா?

பதில்: போர்டு இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். ஒரு வாரம் காதும் வாயும் போதும். ஸ்பானிஷுக்கும் ஏறக்குறைய அதே எழுத்துகள்தான் என்பதால், பார்த்த பிள்ளை ஆங்கிலமாகவே வாசிக்கும். எந்த நேரத்துக்கும் பொருந்தும் 'ஓலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் முன்னால் ஒரு 'எச்' உண்டு, அதற்கு ஒலி கிடையாது. பார்த்தால் 'ஹோலா' என்பார்கள். கேட்டால் 'ஓலா'தான். ஸ்கூட்டரை நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், மறக்காது.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம். காலை வணக்கம் 'புவெனோஸ் தியாஸ்', மதியத்துக்குப் பிறகு 'புவெனாஸ் தார்தெஸ்'. தொடக்கத்தில் வருவது 'பஸ்'ஸின் ப. 'தார்தெஸ்'ஸில் முதல் த, 'தாத்தா'வில் வருவது. இரண்டாவது, 'அது'வில் வரும் மெல்லிய த. ஆங்கிலப் பழக்கத்தில் 'டார்டெஸ்' என்று வந்தால் உடனே திருத்துங்கள். 'நாளை பார்ப்போம்' என்பதற்கு 'அஸ்தா மஞானா'. உங்கள் ஊர்ப் பெயரை மலையாளத்தில் 'கொழிஞ்ஞாம்பாற' என்கிறார்களே, அந்த ஞகரத்தை அழுத்தாமல் சொன்னால் சரியாக வந்துவிடும். இரவில் 'புவெனாஸ் நோச்செஸ்'. இதை விடைபெறும்போது மட்டுமின்றி, இரவில் ஒருவரைச் சந்திக்கும்போதும் சொல்வார்கள்.

நலம் விசாரிப்பது இன்னும் சுலபம். கூட்டாளியிடம் 'கோமோ எஸ்தாஸ்?', டீச்சரிடம் 'கோமோ எஸ்தா?' கடைசி 'ஸ்' இருந்தால் நீ, இல்லாவிட்டால் நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அதன் வழியாகப் போனால் இந்த வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும். வீட்டில் பாட்டியை 'நீங்க' என்றும் தம்பியை 'நீ' என்றும் கூப்பிடும் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். பதில்: 'பியென், கிராசியாஸ்' (பியென்னிலும் அதே 'பஸ்' ப). பெயர் சொல்ல 'மே யாமோ'. மெஸ்ஸியின் நாட்டில் பலர் 'மே ஷாமோ' என்பார்கள், இரண்டும் சரி.

வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குவதைவிடத் தினம் பத்து நிமிடம் நல்லது. வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டதும் 'புவெனோஸ் தியாஸ், டீச்சர்' என்று பதில் வரட்டும். சோற்றுமணிக்குப் பிறகு 'தார்தெஸ்'. வீட்டுக்குப் போகும்போது 'அஸ்தா மஞானா', வெள்ளிக்கிழமை மட்டும் 'அதியோஸ்'. ஸ்பானிஷ்காரர்கள் பேசிய ஒலிப்பதிவை முதல் நாளே நீங்கள் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிரேசில் ரசிகர்களிடம், அங்கே பேசுவது போர்ச்சுகீஸ் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பத்து நிமிடமும் சண்டையில் போகும்.

அடுத்த வாரம் எழுத்தைக் காட்டலாம். கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழாக ஒரு கேள்விக்குறி போட வேண்டும். அதை வரையவே பெஞ்சுக்குப் பெஞ்சு போட்டி வரும், சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுங்கள்.