வேலையில் அடிபட்டால் இழப்பீடு: ஆம்புலன்ஸ், தூய்மைப் பணி, ஆஸ்பத்திரி ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வருகிறேன். ஆபத்து நேரத்தில் முதலில் ஓடி வருபவர்களும், ஊர் முடங்கினாலும் வேலைக்குப் போகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதிலுக்குப் போகும் முன் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் நீங்கள் போக வேண்டியது இ.எஸ்.ஐ. அலுவலகம். இல்லாவிட்டால் தொழிலாளர் துறையில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம், 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி மனு (2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துகளுக்கு இதுதான்; அதன் பிறகு வந்த புதுச் சட்டத்தைப் பின்னால் சொல்கிறேன்). ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

கேள்வி: சார், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். வயது 35, சம்பளம் 23,000, இ.எஸ்.ஐ. கிடையாது. 2025 ஆகஸ்டில் ராத்திரி ஒரு கேஸ் ஏற்றப் போகும்போது லாரி மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. இப்போது கால் மடங்கவில்லை. மெடிக்கல் போர்டில் 30 சதவீதம் ஊனம் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு வரும்?

பதில்: தம்பி, கணக்கை முதலில் சொல்கிறேன். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு உரிய காரணியால் (சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்) பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். ஆக 9,000 பெருக்கல் 197.06, அதாவது 17,73,540 ரூபாய். அதில் 30 சதவீதம் என்றால் 5,32,062 ரூபாய்.

ஆனால் அந்த 30-ஐ அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். போர்டு பார்த்தது உடம்பின் ஊனத்தை. உங்கள் மாதிரிக் காயத்துக்குச் சட்டம் பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. பிரேக் மிதிக்கிற கால் மடங்காத டிரைவருக்கு அந்தத் தொழிலே போய்விட்டது. 1976-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. முழங்கைக்கு மேல் இடது கை எடுக்கப்பட்டிருந்தது. ஒரு கை மட்டும் வைத்துத் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உங்கள் வக்கீல் இந்த வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட வேண்டும். கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று டாக்டரிடம் தனிச் சான்று வாங்குங்கள்.

இன்னொன்று. லாரி மோதியதால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அங்கே 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது, வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை உண்டு. ஆனால் லாரிக்காரர் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு ஆணையரிடம் யார் தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது, அதனால் யோசிக்கிறேன் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

கேள்வி: தோழர், நகராட்சியில் கான்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர். குப்பை லாரியின் அமுக்கு இயந்திரத்தில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சூப்பர்வைசர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இப்போது கான்ட்ராக்டர் "வீட்டில் அடிபட்டது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்கிறார். இ.எஸ்.ஐ. இல்லை.

பதில்: என்னிடம் வருகிற வழக்குகளில் பாதிக்கு மேல் இங்கேதான் சிக்குகிறது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் ஒரு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்போம். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு அடிபட்டது, யார் கூட்டி வந்தார்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் வலியில் துடித்துக்கொண்டிருப்பீர்கள், பக்கத்தில் நிற்கிற சூப்பர்வைசர் "வீட்டில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் பின்னால் வழக்கை எதிர்ப்பார்கள்.

முதலில் அந்தக் காப்பியை வாங்குங்கள். தவறாக எழுதியிருந்தாலும் வழக்கு போய்விடாது. ஒரு பெண்மணியின் வழக்கில் பதிவேட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தவர்" என்று எழுதியிருந்தது. ஆனால் வார்டு அலுவலகத்தில் அவர் வருகைக்கு விரல் ரேகை வைத்த நேரம் காலை 6.10, ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் 7.40. கூட்டி வந்தவர் என்ற இடத்தில் மேஸ்திரியின் பெயர். வீட்டில் விழுந்தவரை மேஸ்திரி ஏன் தூக்கி வந்தார் என்று ஆணையர் கேட்டதற்கு எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை. அந்தம்மாவுக்குத் தொகை கிடைத்தது.

அதனால் அன்றைய வருகைப் பதிவு, கூட வேலை பார்த்தவர்களின் போன் நம்பர், லாரியின் எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கான்ட்ராக்டருக்கும் நகராட்சி ஆணையருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போலீஸிலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் நகராட்சி தப்ப முடியாது. தன் வேலையைக் கான்ட்ராக்டரை வைத்துச் செய்கிற முதன்மை நிர்வாகம்தான் தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. மருத்துவச் செலவைப் பில்படி தனியாகக் கேட்கலாம்.

கேள்வி: மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். அடிபட்டுப் போய்க் கேட்டால் கணக்கில் பணமே கட்டவில்லை என்கிறார்கள். எங்கள் கதி?

பதில்: உங்கள் உரிமை போகவில்லை. முதலாளி கட்டாமல் விட்டதால் உங்களுக்குப் பலன் குறைந்தால், இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆம் பிரிவு வழி செய்கிறது. பிடித்தம் தெரிகிற சம்பளச் சீட்டுகளோடு கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு, இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதல் மாதமே அடிபட்டாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உண்டு.

கேள்வி: அண்ணா, தனியார் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங். குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்திவிட்டது. சின்னக் குத்துதானே என்று சிஸ்டரும் சொல்கிறார். சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது தம்பி. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அன்று நெகட்டிவ் என்ற ரிப்போர்ட் இருந்தால்தான், ஆறு மாதம் கழித்து மஞ்சள் காமாலைக் கிருமி தெரிந்தால் அது இந்த ஊசியில் வந்தது என்று காட்ட முடியும். அன்றைய ரிப்போர்ட் இல்லையென்றால் "முன்னாலேயே இருந்திருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மருத்துவமனை, ஆய்வக வேலையில் தொற்றும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் முதல் பிரிவிலேயே இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோய் வந்தால் அதையும் விபத்துக் காயமாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வார்டில் காசநோய் தொற்றிய நர்சுக்கும் இதே வழிதான்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்க இறங்கியபோது விஷவாயு தாக்கி இறந்துவிட்டார். கான்ட்ராக்டர் 2 லட்சம் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது. இறந்தவருக்கான இழப்பீட்டை உங்கள் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்கவும் முடியாது. ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர்தான் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துத் தருவார். சட்டம் இப்படி வைத்திருப்பதே, துக்க வீட்டில் வந்து பேரம் பேசுவார்கள் என்று தெரிந்துதான். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணம் தரலாம், அதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

அது தவிர, சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2014 தீர்ப்பில் இது 10 லட்சமாக இருந்தது. உயிர் பிழைத்து நிரந்தர ஊனம் ஆனவர்களுக்கு 20 லட்சம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று மூன்றையும் வைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். எஃப்.ஐ.ஆரில் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் 2013 சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சந்தேக மரணம் என்று மட்டும் எழுதியிருந்தால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தில் யாரையாவது கூட்டிப் போங்கள்.

கேள்வி: கையுறை போடவில்லை, அதனால் காசு இல்லை என்கிறார்கள். கையுறை கொடுத்ததே இல்லை.

பதில்: கொடுக்காத கையுறையை எப்படிப் போடுவது? வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினால் இழப்பீட்டை மறுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் கொடுத்தோம், சொன்னோம், வேண்டுமென்றே மீறினார் என்று நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். கையுறை கொடுத்ததற்கு உங்கள் கையெழுத்து உள்ள பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சாவு, நிரந்தர முழு ஊனம் இரண்டிலும் இந்தச் சாக்கே எடுபடாது.

கேள்வி: சார், நைட் டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும்போது விழுந்து கை முறிந்தது. ஸ்டாஃப் நர்ஸ், இ.எஸ்.ஐ. உண்டு. புதுச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே?

பதில்: உங்களுக்கு 2010 திருத்தத்திலேயே வழி இருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடந்த விபத்து, நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலைக் காயம்தான். டூட்டி ரோஸ்டரை நகல் எடுத்து வையுங்கள். இடையில் வேறு ஊருக்குப் போய் வந்தால் சிக்கல்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்துக்கு இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் இழப்பீடு உண்டு என்று அதில் தெளிவாகவே வந்துவிட்டது, இது நல்ல மாற்றம். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின்படியே கேளுங்கள்.

கேள்வி: சொந்த ஊர் திருநெல்வேலி, அடிபட்டது சென்னையில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை போக முடியாது. ஒன்றரை வருடமும் ஆகிவிட்டது.

பதில்: போக வேண்டாம். நீங்கள் வழக்கமாக வசிக்கிற ஊரின் ஆணையரிடமே மனு போடலாம். கெடு இரண்டு வருடம், உங்களுக்கு ஆறு மாதம் பாக்கி. தாமதத்தைத் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம், ஆனால் அந்த வம்பு எதற்கு? தொகை விபத்து நாளிலிருந்தே பாக்கி. ஒரு மாதத்துக்குள் கட்டாத நிர்வாகம் 12 சதவீத வட்டி தர வேண்டும், நியாயமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும். இரண்டையும் மனுவிலேயே கேட்டு எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, இந்த வாரமே போய்விடுங்கள்.